பொகோட்டாவைத் தனியாகச் சுற்ற: முழுமையான வழிகாட்டி

ஊட்டிக்குப் போனவர்கள் தொட்டபெட்டாவில் ஏறி நின்று குளிரில் கைகளைத் தேய்த்திருப்பீர்கள். அதன் உயரம் 2,637 மீட்டர். கொலம்பியாவின் தலைநகரான பொகோட்டா கிட்டத்தட்ட அதே உயரத்தில், 2,640 மீட்டரில், ஒரு பெரிய சமவெளியில் விரிந்து கிடக்கிறது. ஏறத்தாழ 80 லட்சம் பேர் வாழ்கிறார்கள்.

நான் அங்கே தனியாகப் போகிறேன் என்றதும் கேட்டவர்களெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "பத்திரமா?" போய் வந்தபின் என் பதில் இது. போனைக் கையில் பிடித்துக்கொண்டு வரைபடம் பார்த்தபடி நடப்பவருக்குப் பொகோட்டா கொஞ்சம் ஆபத்தான ஊர். போனைப் பையில் போட்டுவிட்டு மலையையும் தெரு எண்ணையும் பார்த்து நடப்பவருக்கு அது சமாளிக்கக்கூடிய ஊர். இந்த வழிகாட்டியில் பாதி அந்த இரண்டாவது வகை ஆளாக மாறுவதைப் பற்றியது.

கிளம்புவதற்கு முன்

முதல் வேலை மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. இவ்வளவு உயரத்தில் இருக்கும் பொகோட்டாவில் அந்தக் காய்ச்சலைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. ஆனால் கொலம்பியாவிலிருந்து திரும்பி வரும்போது இந்திய விமான நிலையத்தில் மஞ்சள் நிறச் சான்றுப் புத்தகத்தைக் கேட்பார்கள். இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்று செல்லும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். தனியார் மருத்துவமனை எல்லாவற்றிலும் போடமாட்டார்கள், அரசு அங்கீகரித்த மையத்துக்குத்தான் போக வேண்டும். சென்னைக்காரர்களுக்குக் கிண்டியில் இருக்கும் கிங் நிலையம் பழக்கமான இடம். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே தேதி வாங்கிவிடுங்கள்.

அடுத்து விசா. செல்லுபடியாகும் அமெரிக்க விசாவோ ஷெங்கன் விசாவோ கையில் இருக்கும் இந்தியர்களுக்குக் கொலம்பியா சலுகை தருகிறது. ஆனால் அந்த விசாவில் எத்தனை நாள் மீதம் இருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் உண்டு. டிக்கெட் எடுப்பதற்கு முன் தூதரகத் தளத்தில் பார்த்துவிடுங்கள். விமானம் ஏறுவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் 'செக் மிக்' என்ற இணையப் படிவத்தை நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளம் ஏதாவது தேடலில் முதலில் வந்தால் அது போலி.

ஆண்டு முழுக்க ஒரே குளிர்தான்: பகலில் ஸ்வெட்டரைக் கழற்றலாம், இரவில் கழற்ற முடியாது. மழை அதிகம் பெய்வது ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பர். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை போனால் வானம் கொஞ்சம் தெளிவாக இருக்கும். குடை, சன்ஸ்கிரீன் இரண்டும் ஒரே பையில் இருக்கட்டும். இந்த உயரத்தில் மேகத்தைத் தாண்டியும் வெயில் சுடும். மின்சாரம் 110 வோல்ட், அமெரிக்கத் தட்டை முள் பிளக். நம் ஊர் நேரத்துக்கும் அதற்கும் பத்தரை மணி நேர வித்தியாசம் என்பதால் முதல் இரண்டு நாள் விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும்.

எங்கே தங்குவது

பழைய நகரமான லா காந்தேலாரியாவில் மலிவான விடுதிகள் நிறைய. ஓட்டுவீடுகளும் கல் பாவிய தெருக்களும் படத்தில் அழகாகத் தெரியும், நேரிலும் அழகுதான். ஆனால் மாலை ஆறரைக்கு மேல் கடைகள் மூடி, மாணவர்கள் கலைந்துபோய், தெரு காலியாகிவிடும். காலியான தெருவில் தனி ஆள் நடப்பது இந்த ஊரில் நல்ல யோசனை இல்லை. தனியாகப் போகிறவர்களுக்கு நான் சப்பினேரோ பகுதியைச் சொல்வேன். உணவகங்கள், நடமாட்டம், நடுத்தர விலையில் அறைகள் எல்லாம் உண்டு. நகர மையத்துக்கும் வடக்குப் பகுதிக்கும் நடுவில் இருக்கிறது. கையில் காசு தாராளமாக இருந்தால் இன்னும் வடக்கே, 93-ஆம் தெருப் பூங்காவைச் சுற்றித் தங்கலாம். அங்கே பத்திரம் அதிகம், சுவாரசியம் குறைவு.

விமான நிலையத்தில் இறங்கியதும் வரிசையில் நிற்கும் மஞ்சள் டாக்ஸியில் மட்டும் ஏறுங்கள். "டாக்ஸி, டாக்ஸி" என்று உள்ளேயே வந்து காதருகே சொல்பவரை விட்டுவிடுங்கள். நம் சென்ட்ரல் ஸ்டேஷன் வாசலில் பழகியவர்களுக்கு இது தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதல் நாள் எதுவும் செய்யாதீர்கள். நான் மூன்றாம் மாடி அறைக்கு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி, கட்டிலில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் மூச்சு வாங்கினேன். தலை லேசாக வலிக்கும், பசி குறையும். தண்ணீர் நிறையக் குடியுங்கள். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். அதில் பெரும்பகுதி சிங்காசா என்ற மலையுச்சிப் புல்வெளியிலிருந்து வருகிறது. மது அன்றைக்கு வேண்டாம், ஒரு பீரே இரண்டாக ஏறும்.

முகவரியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்த ஊரின் கிழக்கு ஓரம் முழுக்க ஒரு மலைத்தொடர் சுவர் மாதிரி நிற்கிறது. நகருக்குள் பெரும்பாலான இடங்களிலிருந்து அது தெரியும். மலை வலக்கைப் பக்கம் இருந்தால் நீங்கள் வடக்கே போகிறீர்கள். இடக்கைப் பக்கம் இருந்தால் தெற்கே. முதுகுக்குப் பின்னால் இருந்தால் மேற்கே. திசைகாட்டி தேவையில்லை.

அடுத்தது எண்கள். மலைக்கு இணையாக, தெற்கு வடக்காக ஓடும் சாலைகள் 'கர்ரேரா'. மலையிலிருந்து கீழே மேற்கு நோக்கி இறங்கும் தெருக்கள் 'காயே'. மலையை விட்டு விலக விலகக் கர்ரேரா எண் கூடும். வடக்கே போகப் போகக் காயே எண் கூடும். தெருக்களுக்குப் பெயர் வைத்து, அப்புறம் அதை மாற்றி, மக்கள் பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருக்கும் நம் ஊர்க் குழப்பம் இங்கே குறைவு.

ஓர் எடுத்துக்காட்டு. போத்தேரோ அருங்காட்சியகத்தின் முகவரி: காயே 11, எண் 4-41. இதைப் பிரித்துப் படியுங்கள். 11-ஆம் காயேயில் இருக்கிறது. அது 4-ஆம் கர்ரேராவைச் சந்திக்கும் முனையிலிருந்து ஏறத்தாழ 41 மீட்டர் நடந்தால் வாசல். அங்கிருந்து தங்க அருங்காட்சியகம் போக வேண்டும், முகவரி கர்ரேரா 6, எண் 15-88. அதாவது 6-ஆம் கர்ரேராவில், 15-ஆம் காயே முனையைத் தாண்டி 88 மீட்டர். ஆக, மலைக்கு முதுகைக் காட்டி இரண்டு கர்ரேரா கீழே இறங்கி, வலப்பக்கம் திரும்பி, நான்கு காயேக்களைக் கடந்து சிறிது தூரம் நடந்தால் வந்துவிடும். போனை ஒருமுறைகூட வெளியே எடுக்கத் தேவையில்லை. முனைகளில் சுவரில் பதித்த பலகையைப் பார்த்துக்கொண்டே போகலாம்.

ஒரே ஒரு பொறி உண்டு. எண்ணுக்குப் பின்னால் 'சுர்' என்று இருந்தால் அது தெற்குப் பகுதி. 1-ஆம் காயேக்குத் தெற்கே எண்கள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். ஒரு பேக்கரியைத் தேடிப்போன நான் அந்த மூன்றெழுத்தைக் கவனிக்காமல் 27-ஆம் காயேயில் இறங்கி, ஒரு அடுக்குமாடியின் காவலாளியிடம் முகவரிச் சீட்டை நீட்டினேன். அவர் 'சுர்' மீது விரலை வைத்து, தெற்குப் பக்கம் கையை நீட்டி, தலையை மெதுவாக ஆட்டினார். நான் போக வேண்டிய இடம் ஐம்பது தெருவுக்கு அந்தப் பக்கம்.

பப்பாளி கொடுக்காதே

கொலம்பியர்கள் வாயில் அடிக்கடி வரும் வாக்கியம்: "நோ தார் பப்பாயா". நேராகச் சொன்னால் 'பப்பாளி கொடுக்காதே'. இளிச்சவாயனாகப் போய் நிற்காதே என்பது பொருள். அதற்குத் துணையாக இன்னொன்றும் சொல்வார்கள்: வெளியே வைத்த பப்பாளி வெட்டப்பட்டே தீரும். திருடனைத் திட்டுவதைவிட, பப்பாளியை வெளியே வைத்தவரைக் கடிந்துகொள்ளும் பழமொழி இது. இதில் எனக்கு முழு உடன்பாடு கிடையாது. ஆனால் தெருவில் நிற்கும்போது அது வேலை செய்கிறது.

நடைமுறையில் இது என்ன? சாலையோரம் நின்று போன் பேசாதீர்கள். பைக்கில் வருபவர் பறித்துக்கொண்டு போவது வழக்கமான கதை. அவசரமாகப் பார்க்க வேண்டுமென்றால் ஏதாவது கடைக்குள் போய்ப் பாருங்கள். ஒரு வங்கி அட்டையை அறையில் விட்டுவிட்டு ஒன்றை மட்டும் எடுத்துப் போங்கள். ஏடிஎம்மை வணிக வளாகத்துக்குள் பயன்படுத்துங்கள். இரவில் தெருவில் கைகாட்டி டாக்ஸி பிடிக்காதீர்கள், செயலி மூலம் அழைத்து வண்டி எண்ணைச் சரிபார்த்து ஏறுங்கள். பயணியைக் கடத்தி ஏடிஎம் ஏடிஎம்மாகக் கூட்டிப்போய்ப் பணம் எடுக்க வைப்பதற்கு இங்கே 'கோடீஸ்வரச் சவாரி' என்று ஒரு செல்லப்பெயரே இருக்கிறது.

அப்புறம் முக்கியமானது: முன்பின் தெரியாதவர் தரும் பானம், சிகரெட், மிட்டாய் எதையும் வாங்காதீர்கள். ஊமத்தைக்கு நெருங்கிய உறவான ஒரு செடியிலிருந்து வரும் ஸ்கோபோலமினைக் கலந்து கொடுத்து, ஆள் சுயநினைவில்லாமல் தானே எல்லாவற்றையும் எடுத்துக் கொடுக்கும்படி செய்துவிடுவார்கள். டேட்டிங் செயலியில் அறிமுகமானவரைச் சந்திக்கப் போய் இப்படி மாட்டிய வெளிநாட்டினர் பலர். யாராவது கத்தி காட்டினால் போனைக் கொடுத்துவிடுங்கள். அவசர உதவி எண் 123.

சிவப்புப் பேருந்து

பொகோட்டாவில் மெட்ரோ ரயில் இன்னும் இல்லை. முதல் தடத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதுவரைக்கும் ஊரைச் சுமப்பது டிரான்ஸ்மிலேனியோ, 2000-ஆம் ஆண்டு கடைசியில் தொடங்கிய தனித்தடப் பேருந்து. நிலையத்திலேயே 'து யாவே' என்ற அட்டையை வாங்கிப் பணம் ஏற்றிக்கொள்ளுங்கள். 2025-இல் ஒரு பயணம் 3,200 பெசோ. ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 40 முதல் 50 பெசோ என்று மனதில் வைத்துக்கொண்டால் கணக்கு சுலபம்.

பேருந்து எண்ணில் முதலில் வரும் எழுத்துதான் சாவி. அது வண்டி எந்தப் பகுதிக்குப் போகிறது என்பதைச் சொல்லும். 'பி' என்றால் வடக்கு நெடுஞ்சாலை, 'கே' என்றால் விமான நிலையம் இருக்கும் 26-ஆம் காயே, 'ஜே' என்றால் பழைய நகரின் தங்க அருங்காட்சியகம் பக்கம். போகும்போது ஏறிய எண்ணைத் திரும்பும்போது தேடாதீர்கள், அதே வண்டி திரும்பி வரும்போது வேறு எழுத்தோடு வரும். காலை ஆறு முதல் எட்டரை, மாலை ஐந்து முதல் ஏழரை, இந்த இரண்டு நேரத்திலும் ஏறவே வேண்டாம். நெரிசலில் பாக்கெட் அடிப்பதும் பெண்களிடம் கைவரிசை காட்டுவதும் நடக்கிறது. பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.

நேரம் இருந்தால் துனல் முனையம் வரை போய் அங்கிருந்து டிரான்ஸ்மிகாப்லேயில் ஏறுங்கள். 2018 கடைசியில் திறந்த தொங்கு வண்டி இது. சியுதாத் பொலிவார் என்ற ஏழை மலைக் குடியிருப்புகளின் கூரைகளுக்கு மேலே மூன்று கிலோமீட்டருக்குச் சற்று கூடுதலாகப் போகிறது. மேலே இருப்பவர்களுக்கு முன்பு ஒரு மணி நேரம் பிடித்த பயணம் இப்போது கால் மணி நேரம்கூட இல்லை. பகலில் போங்கள், மேல் நிலையத்தில் தெருவுக்குள் தனியாக அலையாதீர்கள்.

பழைய நகரில் ஒரு நாள்

காலை ஒன்பதுக்குப் பொலிவார் சதுக்கம். நாலு பக்கமும் நாலு அதிகாரம்: தேவாலயம், நாடாளுமன்றம், மேயர் அலுவலகம், நீதிமன்றம். நீதிமன்றக் கட்டடம் மட்டும் புதிதாகத் தெரியும். 1985 நவம்பரில் கெரில்லாக்கள் உள்ளே புகுந்து, ராணுவம் டாங்கியோடு பின்தொடர்ந்து, நீதிபதிகள் உட்பட ஏறத்தாழ நூறு பேர் இறந்து, கட்டடம் எரிந்துபோனது. இப்போது நிற்பது அதன்பின் கட்டியது.

சதுக்கத்தின் வடகிழக்கு மூலையில் ஒரு சின்ன வெள்ளை வீடு. 1810 ஜூலை 20 அன்று, ஒரு விருந்துக்காகப் பூச்சாடி இரவல் கேட்டுப் போனவர்களுக்கும் ஸ்பானிய வியாபாரி ஒருவருக்கும் வாக்குவாதம் வந்து, அது கைகலப்பாகி, ஊர்க் கலவரமாகி, விடுதலைப் போராக முடிந்த இடம். சண்டை மூட்டுவதற்காகவே சாடி கேட்கப் போனார்கள் என்பதுதான் வரலாறு. உடைந்த சாடியின் மிச்சத்தை உள்ளே வைத்திருக்கிறார்கள்.

அங்கிருந்து போத்தேரோ அருங்காட்சியகம் பத்து நிமிட நடைக்குள். அனுமதி இலவசம், செவ்வாய் விடுமுறை. ஓவியர் போத்தேரோ தன் படைப்புகள் 123-ஐயும், தான் சேர்த்து வைத்திருந்த பிறரின் படைப்புகள் 85-ஐயும் கொடுத்துவிட்டார். அவர் வரைந்ததெல்லாம் குண்டு: குண்டு மோனாலிசா, குண்டுக் குதிரை, குண்டு ஆரஞ்சுப்பழம்.

மதியத்துக்குமேல் தங்க அருங்காட்சியகம். திங்கள் விடுமுறை, ஞாயிறு இலவசம், அதனாலேயே ஞாயிறு கூட்டம். இங்கே அவசரப்படாதீர்கள். 1969-இல் பாஸ்கா ஊர்க் குகையில் விவசாயிகளுக்குக் கிடைத்த, முயிஸ்கா என்ற பழங்குடியினரின் தெப்பத்தைத் தேடிப் போங்கள். ஒரு சாணுக்குள் அடங்கும் தங்கத் தெப்பம். நடுவில் தலைவர், சுற்றிலும் துடுப்புக்காரர்கள். உடம்பெல்லாம் தங்கப்பொடி பூசிக்கொண்டு ஏரி நடுவே போய்க் காணிக்கை செலுத்தும் தலைவரைப் பற்றிய பேச்சுதான் 'எல் தொராதோ' என்ற கதையாகி, ஐரோப்பியர்களைக் காடு மலையெல்லாம் அலைய வைத்தது. அப்புறம் ஒரு வட்ட அறை. உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள், கும்மிருட்டு. மந்திரம் ஓதுவது போலக் குரல் கேட்கும். விளக்கு மெல்ல ஏறும்போது சுவர் முழுக்கத் தங்கம். என் பக்கத்தில் நின்ற பள்ளிப் பிள்ளைகள் அதுவரை கத்திக்கொண்டிருந்தவர்கள், கப்சிப்.

வெளியே வந்தால் 7-ஆம் கர்ரேரா. அது ஹிமேனஸ் சாலையைச் சந்திக்கும் இடத்தில் சுவரில் நினைவுப் பலகைகள் இருக்கும். 1948 ஏப்ரல் 9 அன்று மதியச் சாப்பாட்டுக்காக அலுவலகத்தைவிட்டு இறங்கிய கைத்தான் என்ற மக்கள் தலைவரை இங்கேதான் சுட்டார்கள். அன்று எரிந்த நகர மையத்தில் டிராம் வண்டிகளும் எரிந்தன. அதே முனைக்கு அருகே கோட்டு போட்ட ஆண்கள் கூட்டம் கூட்டமாக நிற்பார்கள். ஒருவர் சட்டைப்பையிலிருந்து மடித்த வெள்ளைத்தாளை எடுத்து விரிப்பார், இன்னொருவர் அதை வெயிலில் சாய்த்துப் பார்ப்பார். உள்ளே மரகதம். வேடிக்கை பாருங்கள், வாங்காதீர்கள்.

சாப்பாடு

சைவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. "நான் வெஜிடேரியன்" என்று ஸ்பானியத்தில் சொன்னால் சிரித்துக்கொண்டே கோழி கொண்டு வருவார்கள். அங்கே 'கார்னே' என்றால் பெரும்பாலும் மாட்டிறைச்சி மட்டும்தான். ஆகவே ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும்: சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ, சின் செர்தோ. மாடு, கோழி, மீன், பன்றி எதுவும் வேண்டாம். அப்படிச் சொல்லியும் பீன்ஸில் பன்றித்துண்டு மிதக்கலாம், சூப் எலும்பில் வெந்ததாக இருக்கலாம். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

மதியத்துக்கு 'கொர்ரியெந்தாசோ' என்று தேடுங்கள். நம் மெஸ் அளவுச் சாப்பாடு மாதிரிதான். சூப், சோறு, பீன்ஸ் அல்லது பயறு, பொரித்த நேந்திரன், கொஞ்சம் சாலட், பழச்சாறு. 15,000 முதல் 20,000 பெசோவுக்குள் முடியும். இறைச்சிக்குப் பதிலாக முட்டை கேட்டால் போட்டுத்தருவார்கள். பெரிய உணவகங்களில் பில் கொண்டு வரும்போது சேவைக்கட்டணம் சேர்க்கவா என்று கேட்பார்கள். பத்து சதவீதம், கட்டாயமில்லை, ஆனால் எல்லோரும் கொடுக்கிறார்கள்.

மழை மாலையில் சாக்லேட் குடிக்கப் போங்கள். சுடச்சுடக் கோப்பை, கூட ஒரு ரொட்டி, ஒரு வெள்ளைச் சீஸ் துண்டு. சீஸைப் பிய்த்துச் சாக்லேட்டுக்குள் போட வேண்டும். நான் தயங்கியதைப் பார்த்துப் பரிமாறிய அம்மா தானே பிய்த்துப் போட்டுவிட்டுக் கரண்டியைக் கையில் கொடுத்தார். அடியில் நூல் நூலாக இழுபட்டது. உப்பும் இனிப்புமாக, நன்றாகத்தான் இருந்தது.

காலையில் பலோகேமாவோ சந்தைக்குப் போனால் பாதி பழங்கள் புதிது, பாதி பழைய உறவு. முள்சீத்தா 'குவானாபனா' என்று உட்கார்ந்திருக்கும். கொடைக்கானல் மரத்தக்காளியில் ஜூஸ் போடுவார்கள். காகிதம் போன்ற உறைக்குள் இருக்கும் 'உச்சுவா', நம் வயல் வரப்புச் சொடக்குத் தக்காளியின் பெரிய உறவு. லூலோவை மட்டும் எதனோடும் ஒப்பிட முடியவில்லை, புளிப்பான பச்சைச் சாறு. 'பனேலா' என்று அச்சு அச்சாக அடுக்கி வைத்திருப்பது வேறொன்றுமில்லை, வெல்லம். அதை வெந்நீரில் கரைத்து 'அகுவாபனேலா' என்று குடிக்கிறார்கள். குளிருக்கு இதமாக இருக்கும்.

கடைக்காரரை 'வெசி' என்று கூப்பிடுங்கள். அண்டை வீட்டுக்காரர் என்பதன் சுருக்கம், நாம் அண்ணாச்சி என்பதுபோல. மற்ற ஸ்பானிய ஊர்களில் 'நீ' சொல்லும் இடத்திலும் பொகோட்டாக்காரர்கள் 'உஸ்தேத்' என்று 'நீங்கள்' போட்டே பேசுவார்கள், நண்பர்களுக்குள்ளும். மரியாதை விகுதிக்குப் பழகிய நமக்கு வசதி. தெருவில் ஃபிளாஸ்க்கோடு வருபவர் "தின்தோ" என்றால் ஒயின் இல்லை, சின்னக் கோப்பைக் கட்டங்காப்பி.

ஞாயிற்றுக்கிழமை

பயணத்தில் ஒரு ஞாயிறு கட்டாயம் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். காலை ஏழு முதல் மதியம் இரண்டு வரை நூற்றுக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் சாலைகளில் கார்களுக்குத் தடை. 1974-இலிருந்து நடந்துவரும் 'சிக்லோவியா'. விடுதியில் சைக்கிள் வாடகைக்குக் கேளுங்கள். 7-ஆம் கர்ரேராவில் இறங்கி, மலையை வலக்கையில் வைத்துக்கொண்டு வடக்கே மிதித்தால் உசாக்கென் வரை போகலாம், அங்கே ஞாயிறு கைவினைச் சந்தை. வழி நெடுகக் குழந்தைகள், நாய்கள், சக்கரக் காலணிக்காரர்கள், ஆரஞ்சு பிழியும் வண்டிகள், டயருக்குக் காற்றடிக்கும் ஆட்கள். இந்த ஊரில் தனியாக இருக்கிறோம் என்ற நினைப்பே எனக்கு வராத ஏழு மணி நேரம் அது.

மோன்செர்ராத்தே மலைக்கு ஞாயிறைத் தவிர்த்து, வேலைநாள் காலையில் போங்கள். 3,152 மீட்டர் உச்சியில் தேவாலயம், விழுந்து கிடக்கும் கிறிஸ்து சிலைக்கு வேண்டுதல். பழனி மாதிரியே படியேறிப் போகிறவர்களும் உண்டு, 1929-இல் வந்த இழுவை ரயிலில் போகிறவர்களும் உண்டு, 1955-இல் வந்த ரோப்காரில் போகிறவர்களும் உண்டு. நடைபாதை செவ்வாயன்று மூடியிருக்கும். ஊருக்கு வந்து மூன்று நாள் ஆகாமல் நடந்து ஏறாதீர்கள். அடிவாரம் வரை டாக்ஸியில் போங்கள், பேருந்து நிலையத்திலிருந்து அடிவாரம் வரையுள்ள அந்தச் சாலைதான் வழிப்பறிக்குப் பெயர்போனது. மேலே நின்று பார்த்தால் கர்ரேராக்களும் காயேக்களும் கட்டம் போட்ட நோட்டுப்புத்தகம் மாதிரி விரிந்திருக்கும். தங்கியிருக்கும் அறையை எண்ணி எண்ணிக் கண்டுபிடிக்கலாம்.

இன்னொரு நாள் மிச்சமிருந்தால் வடக்கு முனையத்திலிருந்து பேருந்தில் சிப்பாக்கிரா போய், பூமிக்கு 180 மீட்டர் கீழே உப்புச் சுரங்கத்துக்குள் குடைந்த தேவாலயத்தைப் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம்.

கிளம்பும் நாளில் போக்குவரத்து நெரிசலுக்கென்று ஒரு மணி நேரம் தனியாக ஒதுக்குங்கள். கடைகளில் விற்கும் கோக்கா இலைத் தேயிலையை நினைவுப்பொருளாகக்கூட வாங்கிப் பெட்டியில் வைக்காதீர்கள். அங்கே தேநீர், இந்தியச் சுங்கத்தில் போதைப்பொருள் வழக்கு. பனேலாவைத் தாராளமாகக் கொண்டு வரலாம். நான் கொண்டு வந்த இரண்டு அச்சை அம்மா நுனியில் உடைத்து வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "வெல்லத்துக்கு இவ்ளோ தூரம் போனியா?" என்றார்.